ஒரே எஞ்சினுக்கு இரண்டு பலம்

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது. இங்கே என் ரத்த அழுத்தம் தவிர எல்லோரும் சௌக்கியம். போனில் பேசினால் "ஆரம்பிச்சிட்டியா?" என்று கட் பண்ணிவிடுகிறாய். கடிதத்தைக் கட் பண்ண முடியாது, பார்.

வரும் வெள்ளிக்கிழமை நீ எஞ்சினியராக ஏறப்போகும் கப்பலின் காகிதங்கள் என் மேஜைக்கு வந்தன. என் உத்தியோகம் உனக்குத் தெரியும். பனிக்கடலுக்குப் போகும் கப்பலின் தகடு எவ்வளவு தடிமன் இருக்க வேண்டும் என்று நாட்டுக்கு நாடு விதி இருக்கிறது. கப்பலின் காகிதங்களை அவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்துக் கையெழுத்துப் போடுவதுதான் என் வேலை. ஒரு நாடு, எஞ்சினுக்குப் பலம் கூடினால் கப்பல் பனியில் ஓங்கி மோதும், தகட்டைத் தடிமனாக்கு என்கிறது. இன்னொரு நாடு, எஞ்சினுக்குப் பலம் குறைந்தால் பனியில் சிக்கும், வரவே வராதே என்கிறது. உங்கள் முதலாளி என்ன செய்திருக்கிறார் தெரியுமா? முதல் நாட்டுக்கு எஞ்சின் பலத்தைக் குறைத்தும், இரண்டாம் நாட்டுக்குக் கூட்டியும் எழுதிவிட்டார். தகடோ பிஸ்கட் டப்பா.

நான் விடுவேனா? எங்கள் மேலாளரிடம் போனேன். முதலாளிகள் எதைச் சொன்னாலும் "ஆகட்டும்" என்பதால் அவருக்குப் பெயரே 'ஆகட்டும்'தான். "சார், ஒரே எஞ்சின், ஒரு பேப்பர்ல நோஞ்சான், இன்னொரு பேப்பர்ல பயில்வான். எப்படி சார்?" என்றேன். "அதான் ரெண்டு நாட்டுலயும் பாஸாயிடுச்சே, அப்புறம் என்னம்மா?" என்றார். "என் தம்பி ரெண்டு கப்பல்லயா சார் போறான்?" என்றேன். பேனாவை மூடிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். நான் கையெழுத்துப் போடவில்லை.

இப்போ நீயே சொல்லு. முழு வேகத்துல போனா தகடு பொளந்துக்கும். மெதுவாப் போனா பனிக்கு நடுவுல மாட்டிக்கிட்டு நிப்பீங்க. எனக்குப் பயமா இருக்குடா. கப்பல் ஏறாதே. காய்ச்சல்னு சொல்லு, வயித்துப்போக்குன்னு சொல்லு, அக்காவுக்குப் பைத்தியம் பிடிச்சிடுச்சுன்னு சொல்லு. எங்க ஆபீஸே வந்து சாட்சி சொல்லும்.

உன் மனைவிக்கு என் அன்பு. பாப்பாவுக்கு முத்தம். நீ நூறு வயது வரை தரையில் இருந்து என் உயிரை வாங்க வேண்டும்.

உன் அக்கா

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் 'ஆகட்டும்' சிரித்த முகமாக வந்தார். கப்பலை வேறொரு நாட்டில் பதிவு செய்துவிட்டார்களாம், இனி அந்த நாட்டு விதி மட்டும் போதுமாம். அந்த நாட்டுக் கடலில் பனியே கிடையாது, அதனால் விதியும் கிடையாது. நான் மேலே எழுதிய எதுவும் இனி செல்லாது. என் கையெழுத்தும் தேவையில்லை. கப்பல் அதே பனிக்கடலுக்கு இன்று காலையிலேயே கிளம்பிவிட்டது. உன் மனைவிக்குப் போன் செய்தேன். "அவர் நேத்தே ஏறிட்டாரே அண்ணி" என்கிறாள். இதை அடுத்த துறைமுகத்தில் கப்பல் ஏஜெண்டு உன்னிடம் கொடுப்பார். தம்பி, கேப்டன் எவ்வளவு கத்தினாலும் வேகத்தைக் கூட்டாதே. மெதுவாவே போய் மாட்டிக்கோ. மாட்டிக்கிட்டா மீட்க ஆள் வருவாங்க. யாரும் வராட்டி நான் வர்றேன்டா.