சோபாவுக்கு நோக்கம், நாற்காலிக்குச் சட்டம்

சட்டநேசர் என்றோர் இனம் உண்டு. தேடிப் போக வேண்டாம். உங்கள் குடியிருப்பிலேயே ஒருவர் இருப்பார், பெரும்பாலும் சங்கத்தின் செயலாளராக. வண்டியைக் கோட்டுக்கு வெளியே நிறுத்தினால் வருவார், கைப்பிடிச் சுவரில் போர்வை உலர்த்தினால் வருவார், குழந்தை பந்தைக் கையில் எடுத்தால் பந்து தரையில் விழுவதற்குள் வந்து நிற்பார். "சட்டம்னா சட்டம்தான்" என்பார். யார் இல்லை என்றது?

எங்கள் செயலாளர் போட்ட சட்டம், லிஃப்டில் வீட்டுச் சாமான் ஏற்றக் கூடாது என்பது. போட்ட வாரமே அவருடைய புது சோபா லிஃப்டில் போனது. கேட்டதற்கு, "எழுத்து எழுத்தாவா பார்ப்பாங்க? நோக்கத்தைப் பாருங்க. கீறல் விழக் கூடாது, அவ்வளவுதான். நான் பார்த்துதான் ஏத்தினேன்" என்றார். மகான்.

பிறகொரு நாள், நாலாம் மாடித் தையல்காரர் ஆபரேஷன் முடிந்து, மடக்கவும் ஊன்றவும் முடியாத காலோடு ஆஸ்பத்திரியிலிருந்து வந்தார். மனைவியும் ஆட்டோக்காரரும் வாட்ச்மேனும் அவரை நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கி லிஃப்டுக்குள் இறக்கி வைத்துவிட்டார்கள். கதவு மூடப்போகையில் ஒரு கை தடுத்தது. செயலாளரின் கை.

"நாற்காலி சாமான்தானே?"

"அதுல ஆள் உட்கார்ந்திருக்காரே சார்!" என்றார் மனைவி.

"ஆள் லிஃப்ட்ல போகட்டும். நாற்காலி படியில வரட்டும்."

"நிக்கவே கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார். நாங்களும் கீறல் விழாம பார்த்துதான் ஏத்தறோம்."

"ஆளாளுக்கு நோக்கத்தைப் பார்க்க ஆரம்பிச்சா, அப்புறம் சட்டம் எதுக்கும்மா?"

தையல்காரர் வலியில் பல்லைக் கடித்தார். மனைவி விடவில்லை.

"இதை யாரு போட்டது?"

"பொதுக்குழு."

"யார் யாரு வந்தாங்க?"

"நான் வந்தேன். பொருளாளர் வந்தார்; போன் வந்து பாதியில போயிட்டார்."

"அப்புறம்?"

"ஏகமனதா நிறைவேறிச்சு."

மற்றவர்கள் ஏன் போகவில்லை என்று கேட்காதீர்கள். எங்களுக்கெல்லாம் வேலை இருந்தது.

"சரி, இப்ப இங்கயே பொதுக்குழு. நாற்காலி போகலாம்ங்கறவங்க கை தூக்குங்க" என்றார் அந்த அம்மாள், தன் கையைத் தூக்கிக்கொண்டே. தையல்காரர் தூக்கினார். வாட்ச்மேன் தன் வேலையை நினைத்துப் பாதி தூக்கினார். ஆட்டோக்காரர் இரண்டு கையையும் தூக்கினார்.

"அவர் உறுப்பினரே இல்லை!"

"எதிர்க்கிறவங்க?"

வாக்கெடுப்பு என்றால் சட்டநேசருக்கு உடம்பே சிலிர்த்துவிடும். விறைப்பாக நின்று கையை உயர்த்தினார். கதவைத் தடுத்துக்கொண்டிருந்ததும் அதே கைதான். கதவு மூடிக்கொண்டது. தையல்காரர் வீடு போய்ச் சேர்ந்தார்.

நன்றாகச் சிரியுங்கள். ஆனால் இன்று காலை ஒருவழித் தெருவில் எதிரே வந்த ஸ்கூட்டர்காரனிடம் "சட்டம்னு ஒண்ணு இருக்கா இல்லையா?" என்று கத்தினீர்களே, அதே தெருவில் முந்தாநாள் நீங்களும் எதிரேதானே போனீர்கள், மருந்துக்கடை மூடுவதற்குள்? பரவாயில்லை. உங்களுடையது அவசரம். அவனுடையதுதான் அடாவடி.