உங்கள் அக்காவுக்காக நான் குடித்த மருந்து

அக்கா பேச்சைத் தட்டாத ஒரே தம்பியும், அத்தான் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாத ஒரே மைத்துனருமான மாப்பிள்ளைக்கு,

இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் ஆசை. அப்படி எழுதினால் பொய்யாகிவிடும். நீங்களும் உங்கள் மனைவியும் குழந்தைகளும் நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும்வரையாவது அப்படியே இருங்கள்.

அக்காவின் முடக்குவாதம் நீங்கள் அறிந்ததுதான். காலையில் விரல் மடங்காது, முழங்கால் நீளாது, வாய் மட்டும் நோய் தொடாமல் அப்படியே இருக்கிறது. இப்போது சில மாதமாக முகம் வெளுத்து, நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. சோதித்துப் பார்த்ததில் உடம்பில் ரத்தம் குறைந்திருக்கிறது, மலத்தில் ரத்தம் போகிறது. எங்கிருந்து கசிகிறது என்று தெரிய வேண்டும், கொலனோஸ்கோபி செய்தே ஆக வேண்டும், கெட்டது ஏதாவது இருந்தால் இப்போதே கண்டுபிடிப்பது நல்லது என்று குடல் டாக்டர் சொன்னார். பின்வழியாகக் குழாய் விட்டு உள்ளே பார்ப்பார்களாம். முந்தின நாள் ஒரு மருந்தைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துக் குடலைச் சுத்தமாகக் காலி செய்துவிட வேண்டுமாம். அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து, முடியாது என்றாள்.

ஏன் என்று கேட்டால் நாளுக்கொரு காரணம். வெறும் வயிற்றில் ஸ்டீராய்டு மாத்திரை போட முடியாது என்றாள். மூட்டு டாக்டரிடம் ஓடினேன். அந்த மாத்திரையை ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது, எப்படிக் கொடுப்பது என்று குடல் டாக்டரிடம் நானே பேசிக்கொள்கிறேன் என்றார் அவர். அதை வந்து சொன்னால், ஒருக்களித்துக் காலை மடக்கிப் படுக்க என்னால் ஆகாது என்றாள். முழங்காலுக்கு நடுவில் தலையணை வைத்துக்கொள்ளலாம் என்று நர்ஸ் சொன்னார். அதையும் வந்து சொன்னேன். கடைசியில் ஆஸ்பத்திரிக்காரர்களே, முந்தின நாளே வந்து சேர்ந்துவிடுங்கள், மருந்தை இங்கே குடிக்கலாம், உதவிக்கு ஆள் இருக்கும் என்றார்கள். அதைக் கேட்டதும் வந்தது பாருங்கள் கோபம். கண்டவர்கள் எல்லாம் எதற்குப் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு, அன்றைக்கு முழுக்க என்னோடு பேசவில்லை. மகள் போனில் கெஞ்சினாள். அவளிடமும் அக்கா, அடுத்த மாதம் பார்க்கலாம் என்றாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வெளியில் அதட்டுகிறேனே தவிர உள்ளுக்குள் பயமாக இருக்கிறது, மாப்பிள்ளை. அவள் இல்லாமல் எனக்கு இருக்கத் தெரியாது.

இருந்தாலும் ஒரு நம்பிக்கையில் நானே தேதி வாங்கி, மருந்தையும் வாங்கி வைத்திருந்தேன். நான் லிப்ட் சோதனை செய்யும் வேலை பார்த்தவன் அல்லவா? முதலில் எடைக்கு மணல் மூட்டைகளை ஏற்றி ஓட்டி, பிறகு நானே ஏறி மேலும் கீழும் போய்வந்த பின்னால்தான் மற்றவர்களை உள்ளே விடுவேன். ஓய்வு பெற்றும் அந்தப் புத்தி போகவில்லை. மருந்தை நான் குடித்து, கட்டிலிலிருந்து கழிப்பறைக்கு அவள் நடக்கிற வேகத்தில் நடந்து, என்னென்ன இடைஞ்சல் என்று கண்டுபிடித்துச் சரிசெய்துவிட்டால் அவளுக்குத் தைரியம் வரும் என்று கணக்குப் போட்டேன். டாக்டரைக் கேட்டீர்களா என்று கேட்காதீர்கள். கேட்டால் முடியாது என்றுதான் சொல்லியிருப்பார். உப்புத் தண்ணீரில் எலுமிச்சை வாசனை கலந்த மாதிரி இருந்தது. வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. கடைக்காரன் பழைய சரக்கைத் தலையில் கட்டிவிட்டானோ என்று டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, வயிற்றுக்குள் யாரோ மேஜை நாற்காலியை இழுத்துப் போட ஆரம்பித்தார்கள். அவளுடைய ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு, அவள் மாதிரியே மெல்ல நடந்து போய்ச் சேர்ந்தேன். வெற்றி. அடுத்த முறை, கழிப்பறைக் கதவு உள்பக்கம் திறப்பது இடைஞ்சல் என்று கண்டுபிடித்தேன். அதுவும் லாபம்தான். அதற்கடுத்த முறை ஊன்றுகோலைத் தூக்கி எறிந்துவிட்டு ஓடினேன். ஓடியும் போய்ச் சேரவில்லை. கூடத்து நடுவிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

ஊன்றுகோல் விழுந்த சத்தம் கேட்டு அக்கா வந்தாள். என்னைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். உள்ளே போய், வாளியைத் தூக்க முடியாமல் காலால் தள்ளிக்கொண்டே கொண்டுவந்தாள். விரல்தான் மடங்காதே, துடைப்பான் கட்டையை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, நான் வேண்டாம் வேண்டாம் என்று கத்தக் கத்தத் துடைத்து முடித்தாள். பிறகு சுவரில் சாய்ந்துகொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பல வருஷம் ஆகிறது. ஆனால் நான் மானம் போய் நிற்கும் நேரத்திலா சிரிப்பது?

மருந்தும் போய்விட்டது, நான் படுத்துவிட்டதில் வாங்கி வைத்த தேதியும் போய்விட்டது. அந்த மருந்து என்ன செய்யும் என்பதை இப்போது கண்ணாலேயே பார்த்துவிட்டாள். இனி நான் காலில் விழுந்தாலும் சம்மதிக்கமாட்டாள். எல்லாம் என்னால் வந்த வினை. ஆகவே வேலையை எல்லாம் போட்டுவிட்டு நீங்கள் உடனே புறப்பட்டு வந்து அவளிடம் பேச வேண்டும். நடந்ததை நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ள வேண்டாம். உங்கள் மனைவிக்கு என் அன்பு. குழந்தைகள் நன்றாகப் படித்து, எதையும் கேட்டுவிட்டுச் செய்கிறவர்களாக வளர என் ஆசிகள்.

இன்னும் கஞ்சியைத் தாண்டாத,
உங்கள் அத்தான்.

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் அக்கா வாங்கிப் படித்துவிட்டாள். நீங்கள் வர வேண்டாம், வந்து பேச ஒன்றும் இல்லை. காலையில் நான் அசந்து தூங்கும்போதே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து வேறு தேதி வாங்கியிருக்கிறாள். மருந்துக் கடைக்கும் சொல்லிவிட்டாளாம். மாத்திரையைப் பற்றியும் பேச்சில்லை, முழங்காலைப் பற்றியும் பேச்சில்லை. திடீரென்று எப்படி மனசு மாறியது என்று கேட்டேன்.

"போய்ச் சேர முடியாம நடுவுல ஆயிட்டா, அதை நீங்க துடைக்கிறதை நான் பார்த்துக்கிட்டு நிக்கணுமேன்னுதான் இத்தனை நாளும் பயந்தேன். வேற ஒண்ணுமில்ல" என்றாள். "இப்ப உங்களுக்கு நான் துடைச்சாச்சு. எனக்கு நீங்க துடைங்க."