ராமபத்ரனைப் பற்றி விசாரித்தவர்

“அந்த ஆள் இன்னிக்கும் வந்தார், கேட்டியா?” என்றான் டீக்கடை நாணு, சாயாவை ஆற்றிக்கொண்டே. “விசாரிச்சதெல்லாம் உன்னைப் பத்தித்தான். குடிப்பானா, பீடி வலிப்பானா, சாயங்காலம் எங்கே போறான், கூட்டுக்காரன் ஆரெல்லாம்னு ஒரே சோத்தியம்.”

“ஆள் எப்படி இருந்தார்?”

“வெள்ளை வேட்டி, வெள்ளை ஷர்ட்டு, நெத்தியிலே சந்தனம். மூணாவது தடவையாக்கும்.”

ராமபத்ரனுக்குப் புரிந்துவிட்டது. பெண் வீட்டார்!

மட்டாஞ்சேரியில் ஒரு மிளகு மண்டியில் டைப் அடிக்கும் ராமபத்ரனுக்கு மஸ்கட்டில் இரண்டு வருஷ வேலை விசா வந்து பன்னிரண்டு நாளாகிறது. மாதக் கடைசிக்குள் போய்ச் சேராவிட்டால் விசா காலாவதி. பாஸ்போர்ட் இன்னும் கையில் கிடைக்கவில்லை. போலீஸ் விசாரணை பாக்கி. காக்கி உடுப்பும் தொப்பியுமாக ஒருவர் வருவார் என்று அவன் தினமும் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். வந்ததோ வெள்ளை வேட்டி.

அம்மா மீனாக்ஷியின் வேலைதான், சந்தேகமே இல்லை. “ஒரு கால்கட்டு போடாம கடல் தாண்ட விடமாட்டேன்” என்று முதல் நாளே சொன்னவள், ஒரு வாரமாக அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. போதாததற்கு தினம் பாலடைப் பாயசம் வேறு. அம்மா பேசினால் பயமில்லை, பேசாமல் பாயசம் வைத்தால்தான் பயப்பட வேண்டும்.

சிநேகிதன் அப்புவின் கதி ராமபத்ரனுக்குத் தெரியும். அவனுக்கும் குவைத் விசா வந்தது. போகும் முன் ஒரு கல்யாணம் என்றார்கள். மாமனாருக்கு மகளைப் பிரிய மனசு வரவில்லை. மருமகனைப் பிராட்வேயில் தன் பாத்திரக் கடையில் உட்கார வைத்துவிட்டார். நாலு வருஷமாக அப்பு எவர்சில்வர் டம்ளரைத் துடைத்துக்கொண்டிருக்கிறான்.

“நாணு, இனி அவர் வந்தா நான் குடிப்பேன்னு சொல்லணும்.”

“நீயா? என் கடை சாயாவே உனக்கு ஸ்ட்ராங்காச்சே!”

“சொல்லுடா!”

நாணு சொன்னான். சொன்னதோடு நில்லாமல், தினமும் கள்ளுஷாப்பிலிருந்து இரண்டு பேர் தூக்கி வந்து போடுவதாக நடித்தும் காட்டினான். “பாவம், மனுஷன் அப்படியே இடிஞ்சு போயிட்டார்” என்றான் சந்தோஷமாக.

ஆனால் இடிந்து போனவர் மறுநாளும் வந்தார். இந்த முறை அடுத்த வீட்டு அம்மிணி மாமியிடம். ராமபத்ரன் முந்திக்கொண்டு மாமிக்கும் பாடம் சொல்லியிருந்தான்.

“களமசேரியிலே ஒருத்தி இருக்கான்னு சொன்னேன்” என்றாள் மாமி. “அவர் நம்பின மாதிரி தெரியலே. ரெண்டு குழந்தையும் உண்டுன்னேன்.”

“மாமி!”

“இன்னும் கேளு. கேஸ் ஏதானும் உண்டோன்னு கேட்டார். இவ்வளவு சொன்னவ அதை மட்டும் எதுக்கு பாக்கி வைக்கணும்? ஒரு தடவை லாக்கப்பிலே கிடந்தான்னு சொல்லிட்டேன். எல்லாத்தையும் புஸ்தகத்திலே எழுதிண்டார்.”

எழுதிக்கொண்டாரா? பெண் வீட்டார் எதற்கு எழுத வேண்டும்?

சனிக்கிழமை காலை நாணு மூச்சிரைக்க ஓடி வந்தான். தோப்பும்படிக்கு மீன் வாங்கப் போனவன், பையை வெறுமனே பிடித்தபடி நின்றான்.

“ஸ்டேஷன் வாசல்லே அவரைக் கண்டேன்! காக்கி உடுப்பு, தொப்பி, கையிலே லத்தி! ஹெட் கான்ஸ்டபிளாக்கும் அவர். பேரு வெங்கிடேஸ்வரன்!”

ராமபத்ரன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அப்படியானால் அது பெண் வீட்டு விசாரணை அல்ல, பாஸ்போர்ட் விசாரணை! குடிகாரன், இரண்டு குழந்தைக்குத் தகப்பன், லாக்கப்பில் கிடந்தவன் என்று போலீஸ் புஸ்தகத்திலேயே ஏறியாயிற்று. இனி மஸ்கட் என்ன, வைப்பின் தீவுக்குக்கூட விடமாட்டார்கள்.

அடுத்த அரை மணியில் மூன்று பேரும் தோப்பும்படி ஸ்டேஷனில் நின்றார்கள். ராமபத்ரன் நெற்றி நிறைய விபூதி பூசியிருந்தான்.

“எல்லாம் பொய் சார்” என்று நாணு கும்பிட்டான். “இவன் சாயா தவிர ஒண்ணும் தொடமாட்டான். அதுவும் லைட்டு.”

“பகவதி சாட்சி, களமசேரி எந்தத் திக்கிலே இருக்குன்னே இந்தப் பிள்ளைக்குத் தெரியாது” என்றாள் மாமி.

“பின்னே எதுக்கு அப்படிச் சொன்னேள்?” என்றார் ஹெட் கான்ஸ்டபிள்.

“அசூயை!” என்றாள் மாமி, தயங்காமல். “பிள்ளைக்கு விசா வந்துடுத்தேன்னு ஒரு அசூயை.”

வெங்கிடேஸ்வரன் மூவரையும் மாறி மாறிச் சந்தேகமாகப் பார்த்தார். பெருமூச்சு விட்டார். “நல்ல குடும்பம்னு கேள்விப்பட்டுத்தான் வந்தேன். விசாரிச்சா இப்படி. வேண்டாம்னு இன்னிக்கு எழுதிப் போட்டுடலாம்னு இருந்தேன்.”

“எழுதிடாதீங்கோ சார்! என் ஜீவிதமே இதிலேயாக்கும் இருக்கு!” ராமபத்ரனின் கண் நிஜமாகவே கலங்கியது. ஹெட் கான்ஸ்டபிள் அதைக் கவனித்தார். அவர் முகம் இளகியது.

“பெரியவா சொன்னா கேப்பியா?”

அரசாங்கத்துக்கு அடங்கினவனா என்று பார்க்கிறார். “எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டேன் சார்.”

“உடம்புக்கு ஒண்ணும் இல்லையே? பல்லெல்லாம் சொந்தப் பல்தானா?”

அங்க அடையாளத்துக்காக இருக்கும். ராமபத்ரன் வாயைத் திறந்து முப்பத்திரண்டையும் காட்டினான்.

“ரெண்டு வருஷம் கழிஞ்சா திரும்பி வருவியா? அங்கேயே இருந்துட மாட்டியே?”

“சத்தியமா வருவேன் சார். நீங்க எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடறேன்.”

“அது போதும்.” அவர் புஸ்தகத்தில் பழைய பக்கத்தைக் கிழித்துக் குப்பையில் போட்டார். “எனக்குத் திருப்தி. வெள்ளிக்கிழமை ராகுகாலம் கழிஞ்சு உங்க ஆத்துக்கு வரேன். என் தங்கையும் கூட வருவா.”

ராமபத்ரன் அவர் காலில் விழுந்தே விட்டான். எழுந்து வெளியே வந்ததும் மாமியின் காதில், “தங்கை பாஸ்போர்ட் ஆபீஸிலே வேலையா இருக்குமோ?” என்றான். எதற்கும் உறுதி செய்துகொள்வோம் என்று, வாசலில் காவலுக்கு நின்ற தமிழ்க் கான்ஸ்டபிள் செல்லதுரையிடம் போனான்.

“சேட்டா, சாரோட பாஸ்போர்ட் ரிப்போர்ட் எப்போ போகும்?”

செல்லதுரை துப்பாக்கியைச் சுவரில் சாய்த்துவிட்டு அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“பாஸ்போர்ட் விசாரணை உங்க மட்டாஞ்சேரி ஸ்டேஷன் வேலைங்க, இது தோப்பும்படி; எங்க ஹெட்டு அவரு தங்கச்சி மகளுக்குல்ல இத்தனை நாளா வரன் தேடிக்கிட்டு இருந்தாரு, மாப்பிள்ளே!”