ரங்கம்மாள் நம்பரில் ஓடும் மோட்டார்

மணலூர்பேட்டை
பங்குனி 9, திங்கட்கிழமை

சங்கராபுரத்தில் இருக்கும் மச்சினன் கண்ணாயிரத்துக்கு சின்னக்கண்ணு எழுதுவது. அங்கே நீயும் அம்சவள்ளியும் பிள்ளைகளும் நலமென்று நம்புகிறேன். இங்கே நானும் நலம் என்று எழுதுவதுதான் முறை. ஆனால் முப்பத்தொரு வருடம் பத்திரிகைக்குத் தாலுகா செய்தி அனுப்பியவனுக்கு உறுதி செய்யாததை எழுதிப் பழக்கமில்லை. அந்த வரியை விட்டுவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். போனில் பேசினால் நீ அழ ஆரம்பிப்பாய், நான் டவர் இல்லை என்று வைத்துவிடுவேன். உன் அக்கா ரங்கம்மாள் போய்ச் சேர்ந்த இந்த நான்கு மாதத்தில் நாம் பேசிய பேச்செல்லாம் அப்படித்தான் முடிந்திருக்கிறது.

மாசி இருபதாம் தேதி, புதன்கிழமை, கிணற்று மோட்டாரைப் போன் மூலம் ஓட்டும் பெட்டி ஒன்றை மெக்கானிக் பழனி பொருத்திக் கொடுத்தான். வயல் வீட்டிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர். சோறு பொங்கி, பாத்திரம் தேய்த்து, துணி துவைத்து, த்ரீ பேஸ் கரண்ட் வரும் நேரத்துக்கு வயலுக்கும் ஓட ஒரு ஆளால் முடியவில்லை. முதல் மூன்று வேலைகளும் தாமாகவே நடப்பவை என்று முப்பத்தாறு வருடம் நினைத்திருந்தேன். பெட்டிக்குள் ஒரு சிம் போட வேண்டும். அந்த எண்ணுக்குக் கூப்பிட்டால் பெட்டி இரண்டு ரிங்கில் கட் செய்துவிட்டு மோட்டாரைப் போடும். மறுபடி கூப்பிட்டால் நிறுத்தும். புது சிம் வாங்கக் கடைக்குப் போனேன். பாத்திரம் தேய்த்துத் தேய்த்து ரேகை அழிந்த என் விரலை, கைரேகை மெஷின் என்னுடையதென்று ஒப்புக்கொள்ளவில்லை. ரங்கம்மாளின் சிம், அணைத்து வைத்த அவள் போனில், வீட்டிலேயே இருந்தது. அவள் போன பிறகும் அதற்கு ரீசார்ஜ் செய்துகொண்டுதான் இருக்கிறேன். ஏனென்று கேட்காதே. அதையே பெட்டிக்குக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள், சனிக்கிழமை, மாலை நாலு பத்துக்குப் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிறேன், போன் அடிக்கிறது, எடுத்துப் பார்த்தால் ரங்கம்மாள் என்று வருகிறது, கை நழுவி, ஊறவைத்த குழம்புக் குண்டான் தண்ணீரில் போன் விழுந்தது, மோட்டார் ஓடினால் பெட்டி நம்மைக் கூப்பிட்டுச் சொல்லும் என்று பழனி சொல்லவே இல்லை, போனை அரிசிக்குள் புதைத்து வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை, அங்கே கரண்ட் போகும்வரை தண்ணீர் பாய்ந்து உளுந்து வயல் ஏரியாக நின்றது. அடுத்த சனிக்கிழமையும் அதே நாலு பத்து, அதே பேர், இந்தத் தடவ தைரியமா எடுத்துட்டேன், யாரோ ஒரு பொண்ணு 'மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது'ன்னு சொல்லிட்டு வச்சிடுச்சு, உங்கக்கா என்னிக்காவது அவ்ளோ சுருக்கமா பேசினாளா, உடனே கூப்ட்டு நிறுத்தினேன், நின்னுச்சான்னு உறுதி செஞ்சிக்க இன்னொரு தடவ கூப்ட்டேன், அது மறுபடி ஓட ஆரம்பிச்சிடுச்சு, அதுக்குள்ள அடுப்புல பால் பொங்கி அணஞ்சி, அதத் தொடச்சிக்கினு நின்னதுல போன் அடிச்சது காதுல விழல.

பக்கத்து வயல் அறிவுச்செல்வன்தான் மோட்டாரைப் போட்டுவிடுகிறான் என்று மறுநாள் போய்ச் சண்டை போட்டேன். அவன் வரப்பில் நின்று என் வயலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னாங்க, உளுந்த வயல்லியே ஊறப் போட்டுட்டீங்க. மாவும் இங்கியே ஆட்டிடுவீங்களா?"

மூன்றாவது சனிக்கிழமையும் ஓடிய பிறகுதான் பழனி வந்து பெட்டியைத் திறந்தான்.

"சிம்முல பதிஞ்சி கீற நம்பருக்கு மட்டுந்தாங்க இது கேக்கும். வேற யாரு கூப்ட்டாலும் மசியாது. இதுல ரெண்டே நம்பருதான் கீது. மொதல்ல தம்பின்னு ஒண்ணு. அப்றம் நீங்க."

தம்பி முதலில், நான் இரண்டாவது. அதை இப்போது பேசி ஆகப்போவது ஒன்றுமில்லை. நேற்று நீ வெளியே போயிருந்த நேரத்தில் அம்சவள்ளியிடம் விசாரித்தேன்.

"ஆமாண்ணா, சனிக்கெழம ஆனா அந்த நம்பருக்குப் போட்டுக்கினு குந்திக்கினு கீறாரு. ரெண்டு ரிங்கு போவுது, கட்டாவுது. எங்கக்காதான் கட் பண்ணுது, இப்ப கூப்புடும்ன்றாரு. போன மடியில வச்சிக்கினு, சோறு போட்டாக்கூட எழுந்துக்க மாட்டேன்றாரு."

சனிக்கிழமைதோறும் நாலு பத்துக்கு நீ கூப்பிட்டால், உன் காசு போகக் கூடாதென்று அவள் இரண்டு ரிங்கில் கட் செய்துவிட்டுத் தானே திருப்பிக் கூப்பிடுவாள் என்பது எனக்கும் தெரியும். ஆனால் கண்ணாயிரம், இப்போது கட் செய்வது அவள் இல்லை, பெட்டி. அது உன்னைத் திருப்பிக் கூப்பிடாது; பழனி பதிந்து வைத்த என் எண்ணைத்தான் கூப்பிடும். எழுபது சென்ட் உளுந்தில் நாற்பது சென்ட் வேர் அழுகிப் பழுத்துவிட்டது. மீதி முப்பது சென்ட் இன்னொரு சனிக்கிழமையைத் தாங்காது. அது அவள் கடைசியாகப் புடைத்து எடுத்து வைத்த விதை. நாளை பழனி வேறு சிம் கொண்டு வருகிறான். அதன் பிறகு நீ கூப்பிட்டாலும் மணி அடிக்காது. தயவுசெய்து இனி அந்த எண்ணுக்குக் கூப்பிடாதே.

அம்சவள்ளிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். நேரத்துக்குச் சாப்பிடு. நானும் சாப்பிடுகிறேன், இது உறுதி செய்யப்பட்ட தகவல்.

இப்படிக்கு,
உன் மாமா
சின்னக்கண்ணு

பின்குறிப்பு: இதை எழுதி முடித்தும் தபாலில் போடவில்லை. இன்று செவ்வாய். பழனி சொன்னபடி வந்தான். "புது நம்பர உங்க போன்ல இன்னா பேர்ல போட்டுக்கறதுங்க?" என்று கேட்டான். நான் யோசித்து முடிக்கும்வரை வண்டியை அணைக்காமல் நின்றான். அவனைத் திருப்பி அனுப்பிவிட்டேன். சிம் பெட்டியிலேயே இருக்கிறது. குழாயைத் தென்னைப் பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன். தென்னை எவ்வளவு விட்டாலும் குடிக்கும். நீ சனிக்கிழமை நாலு பத்துக்கு வழக்கம்போல் கூப்பிடு. கட் ஆனதும் போனைக் கீழே வைக்காதே. நான் திருப்பிக் கூப்பிடுகிறேன். டவர் இருக்கும்.