மூக்குச் சாமியும் வெட்டி வேலையும்

மூன்றாம் மாடி வரைக்கும் படிக்கட்டு முழுக்க ஆட்கள். எல்லோருக்கும் வேலை இருக்கிறது, யாருக்கும் அது பிடிக்கவில்லை. ஆகவே அலுவலகத்துக்கு வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு மூக்குச் சாமியைப் பார்க்க வந்திருந்தார்கள்.

மூக்குச் சாமி லேசுப்பட்டவரல்ல. உள்ளங்கையை முகர்ந்தே நீங்கள் எந்த வேலைக்குப் பிறந்தவர் என்று சொல்லிவிடுவார். பேய் பிடித்தவர்களுக்குப் பேயோட்டுவார்கள் அல்லவா? இவர் வேலையோட்டி. "உன்னைப் பிடிச்ச வேலைய விட்டாத்தான் உனக்குப் பிடிச்ச வேலை வரும்" என்பார். பிறகு கையில் தேய்த்துக்கொள்ளத் தைலம் விற்பார்.

நம் கிடங்குக் கணக்கருக்குப் போன வாரமே ஓட்டியாகிவிட்டது. "மாவு மணக்குது மகனே! நீ ரொட்டி சுடப் பிறந்தவன்" என்றதும் மனுஷன் அழுதேவிட்டார். ரொட்டிக்கடை அவருடைய நெடுநாள் ஆசை. இதுவரை அவர் சுட்டதில் பாதி கருகியது, மீதி வேகவில்லை. அந்த வாசனை மட்டும் சாமியின் மூக்குக்கு எட்டவில்லை.

"திங்கக்கிழமை வேலைய விடறேன்" என்றார் மனைவியிடம்.

"வாடகைய சாமி குடுப்பாரா?"

"கிண்டல் பண்ணாத. நான் வாயே திறக்கல, ரொட்டின்னு சொல்லிட்டாரு தெரியுமா?"

"யார்கிட்டயுமே வாய் திறக்கலையா?"

கணக்கர் தலையைச் சொறிந்தார். "வரிசையில தண்ணி குடுத்த அக்காகிட்ட சும்மா பேசிட்டிருந்தேன்..."

மனைவிக்கு மருத்துவமனை விசாரணை மேசையில் வேலை. நாள் முழுக்கப் பொய் கேட்டுப் பழகிய காது. அவரையும் இழுத்துக்கொண்டு மறுநாளே வரிசையில் நின்றாள். தண்ணீர் அக்கா குவளையோடு வந்தாள்.

"என்ன வேலைன்னா உனக்கு உசிரும்மா?"

"எனக்கு வெட்டி வேலைதான்க்கா பிடிக்கும்!"

சாமியின் முன்னால் மனைவி கையை நீட்டினாள். அவள் முதுகுக்குப் பின்னால் நின்ற அக்கா, இரண்டு விரல்களை விரித்து விரித்துச் சேர்த்தாள். கணக்கர் அதைப் பார்த்துவிட்டார்.

சாமி ஆழ்ந்து முகர்ந்தார். "ஆஹா, கத்தரிக்கோல் மணக்குது! துணி வெட்டப் பிறந்த கை!"

மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். "சாமி, வெட்டி வேலைன்னா சும்மா உக்காந்திருக்கறது. அதுக்கு சைகை தெரியாம பின்னால அக்கா கத்தரி காட்டிட்டாங்க போல. அந்த வாசனை எப்படின்னு தெரியணும்னா உங்க கைய மோந்து பாருங்க!"

கூட்டம் முணுமுணுத்தது. கணக்கர் அக்காவை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார். இன்னும் தண்ணீர் வாங்கிக் குடிக்காத ஒரு பஸ் டிரைவரை முன்னால் தள்ளினார். "இப்ப சொல்லுங்க சாமி."

சாமி முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார். டிரைவரின் முகத்தையே பார்த்தபடி, "பூ... பூ மணக்குது" என்றார்.

"டீசல் சாமி. காலையிலேர்ந்து கை கழுவல."

சாமிக்கு அந்த நிமிஷமே ஜலதோஷம் பிடித்துக்கொண்டது. தைலப் புட்டிகளை விட்டுவிட்டுப் பின்கதவு வழியாக இறங்கிப் போனார். பாவம், அந்தக் கூடத்திலேயே பிடித்த வேலையைச் செய்துகொண்டிருந்தவர் அவர் ஒருவர்தான்.

கணக்கர் திங்கட்கிழமை ஒழுங்காகக் கிடங்குக்குப் போனார். சாயங்காலங்களில் ரொட்டி சுடுகிறார். இப்போது கருகுவது குறைந்திருக்கிறது.

அய்யா, அம்மா! உங்கள் ஆசையைக் கீழே ஒரு குவளைத் தண்ணீருக்குச் சொல்லிவிட்டு, அதையே மேலே போய்க் காசு கொடுத்து வாங்கினீர்களே! பிடித்த வேலையை அப்புறம் தேடலாம். முதலில் கழுத்துக்கு மேலே இருக்கிறதே, அதற்கு ஏதாவது வேலை கொடுங்கள்.