வளையத்தில் மேயும் மாடுகள்

"டாக்டர், அந்தப் பெரியவர் கண்ணு கலங்கி எந்திரிச்சுப் போயிட்டாரு" என்று சர்வர் எலாடியோ வந்து சொன்னபோது, வில்மார் பெந்தாங்கோர் ஒரு நாவலை நார் நாராகக் கிழித்து முடித்திருந்தார்.

வில்மார் டாக்டர் இல்லை. துறைமுகத்துக்குப் பக்கத்தில் மருந்துக்கடை வைத்திருந்தார். ஆனால் மொந்தெவிதெயோ நகரத்தின் அந்தப் பேட்டைக்கு அவர்தான் டாக்டர். சனிக்கிழமை மதியங்களில் எலாடியோ வேலை பார்க்கும் பாரின் பின்மேசையில் கூடும் அறிவியல் புனைகதை வாசகர் வட்டத்துக்குச் செயலாளரும் அவரே.

"எந்தப் பெரியவர்?"

"பக்கத்து மேசைக்காரர். நீங்க மாடுங்களைத் திட்டத் திட்ட காதைக் குவிச்சுக் கேட்டுட்டிருந்தாரு. என்ன ஐயான்னேன். 'மாடுன்னா என் மாடுங்கதான், இவங்களுக்கு என்ன தெரியும்'னாரு. கண்ணைத் துடைச்சுக்கிட்டே போயிட்டாரு."

வில்மார் கையிலிருந்த மாத்தே இலைத் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

அன்று அடிபட்ட நாவல் 'வளையத்தில் மேயும் மாடுகள்'. சனிக்கோளின் வளையத்தில் பசு மேய்க்கப் போகும் ஒரு குடும்பத்தின் கதை. எழுதியவர் பெயர் ஓ. லுசெர்னா. அது புனைபெயர் என்றும், ஆள் இதே நகரத்தில் யாருக்கும் தெரியாமல் வாழ்வதாகவும் பின்னட்டை சொல்லியது.

வழக்கமாக அந்த மேசையில் யாரும் யாரோடும் ஒத்துப்போனதில்லை. சுங்க அலுவலகத்து யாமாண்டு, ரோபோக்கள் அழுகிற கதைகளைச் சிபாரிசு செய்வார். "அழுதா துருப்பிடிக்கும்யா" என்பார் வில்மார். வில்மார் சிபாரிசு செய்யும் புத்தகங்களில் ராக்கெட் கிளம்பவே நூறு பக்கம் ஆகும். "உன் ஆளு திருகாணிக்கெல்லாம் பேர் வெச்சிருப்பான், மனுஷனுக்கு வெச்சிருக்க மாட்டான்" என்பார் யாமாண்டு. லுசெர்னா குப்பை என்பதில் மட்டும் இருவரும் ஒன்றானார்கள். கண்ணாடிக்கடையில் வேலை பார்க்கும் நிபியா, "நடுவுல கதை தூங்கிடுது. எழுதினவங்களுக்கு அதை எழுப்பத் தெரியலை" என்று சொல்லிவிட்டு பிஸ்கட்டைக் கடித்திருந்தார்.

ஒரு வயதான எழுத்தாளரை அவர் முகத்துக்கு எதிரேயே அழவைத்துவிட்டோம் என்ற நினைப்பு வில்மாரைத் தின்றது. இருமலுக்கு வந்தவருக்கு வயிற்றுவலி மருந்தைக் கொடுத்தார். வியாழக்கிழமை, கடையிலிருந்து தெரியும் ஆஸ்பத்திரி பஸ் நிறுத்தத்தில் அந்தப் பெரியவர் நிற்பதைப் பார்த்ததும் கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடினார்.

"ஐயா, அன்னைக்கு உங்க மாடுகளைப் பத்தித் தப்பாப் பேசிட்டேன்."

பெரியவர் ஏற இறங்கப் பார்த்தார். "என் மாடுங்களை நீ எப்பப் பாத்த?"

"உண்மையைச் சொல்லிடறேன். முழுசாப் பாக்கலை. பாதியில விட்டுட்டேன்."

"பஸ்ஸுலேர்ந்து பாத்திருப்ப. கிட்ட வந்து பாக்கணும் தம்பி."

"இப்பப் பொறுமையாப் பாத்துட்டேன் ஐயா. அந்தச் செவலைப் பசு கன்னு போடற எடம் இருக்கே, எனக்குத் தொண்டை அடைச்சிருச்சு."

"எனக்கு மட்டும் என்ன? தோள் வரைக்கும் கையை விட்டு இழுத்தேன். அதுலேர்ந்து இந்தக் கையை மேல தூக்க முடியலை."

எழுதி எழுதியே கை போய்விட்டது என்று புரிந்துகொண்டார் வில்மார். மன்னிப்பு மட்டும் போதாது என்று பட்டது.

"வர்ற சனிக்கிழமை நாலு மணிக்கு உங்களுக்கும் உங்க மாடுகளுக்கும் ஒரு பாராட்டு விழா வைக்கிறோம்."

"மாடுங்க வராது. எல்லாம் வித்தாச்சு."

"தெரியும் ஐயா. எந்தக் கடையிலயும் ஒண்ணுகூடக் கிடைக்கலை."

பெரியவர் சிறிது யோசித்தார். "திங்க என்ன இருக்கும்?"

"கேக் இருக்கும்."

"அப்ப வரேன். கசில்டோன்னு எழுதிக்க."

யாமாண்டுவைச் சம்மதிக்க வைக்க வேண்டியே இருக்கவில்லை. எழுத்தாளர் நேரில் வருகிறார் என்றதும், "நான் அப்பவே சொன்னேன், அதுல ஒரு ஆழம் இருக்குன்னு" என்றார்.

"குப்பைன்னு சொன்னியேய்யா."

"ஆழமான குப்பைன்னேன். நீ சரியாக் கேக்கலை."

நிபியாதான் சிக்கல். விஷயத்தைக் கேட்டதும் அவர் துடைத்துக்கொண்டிருந்த மூக்குக்கண்ணாடியை அப்படியே வைத்துவிட்டார்.

"அவரா? அவர்தான் எழுதினேன்னு சொன்னாரா?"

"அவரே சொன்னாரும்மா. கைகூட வரலை பாவம்."

"யார் எழுதினா என்ன, அது மோசமான புத்தகம். ஆனா அந்த மனுஷனை நான் பாத்தே ஆகணும்."

விழாவில் வைத்தே அவர் பெரியவரைக் கிழித்துவிடுவார் என்று வில்மாருக்குப் பட்டது. விழா ஆறு மணிக்கு என்று பொய் சொல்லிவிட்டு வந்தார். காலி நாற்காலி கண்ணை உறுத்தக்கூடாது என்று கடைக்கு வந்தவர்களையெல்லாம் கூப்பிட்டார். பேட்டையில் வேறு வேடிக்கை இல்லாததால் எல்லோருமே வந்துவிட்டார்கள், சிலர் மருந்துச் சீசாவோடு. சனிக்கோள் வடிவத்தில் கேக் செய்யச் சொல்லியிருந்தார். வளையம் வழியிலேயே உடைந்துவிட்டதால் அது வெறும் உருண்டையாக வந்து சேர்ந்தது. நாலு மணிக்கு முதல் ஆளாக முன்வரிசையில் நிபியா உட்கார்ந்திருந்தார்.

"ஆறுன்னு சொன்னீங்க. எலாடியோ நாலுன்னாரு" என்றார்.

பெரியவர் கசில்டோ டை கட்டிக்கொண்டு வந்து, தயக்கமே இல்லாமல் பேசினார்.

"மாட்டை விக்கிறப்ப அது கண்ணைப் பாக்கக் கூடாது. பாத்தா மனசு மாறிடும். மழை இல்லாத வருஷம் இளைச்சதை முதல்ல தள்ளிவிடணும். அப்பத்தான் மிச்சம் பொழைக்கும்."

"எவ்வளவு சுருக்கமாச் சொல்லிட்டாரு" என்று யாமாண்டு பக்கத்திலிருந்தவரிடம் உருகினார். "தேவையில்லாத அத்தியாயத்தை வெட்டணும்கிறாரு."

எல்லோரும் கைதட்டினார்கள். வில்மாரின் கண் நிறைந்தது. அப்போது நிபியா எழுந்தார்.

"ஒரு சந்தேகம் ஐயா. காத்தே இல்லாத எடத்துல மாடு எப்படி மேயும்?"

"மேயாது. செத்துப்போயிடும்."

"ஆனா வளையத்துல புல்லு முளைக்கிறதா எழுதியிருக்கே?"

"எந்த மடையன் எழுதினான்?"

நிபியாவின் முகம் சிவந்தது. வில்மார் எழுந்து புத்தகத்தைப் பெரியவர் முன்னால் நீட்டினார்.

"நீங்கதானே ஐயா?"

கசில்டோ அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நான் எங்க தம்பி புத்தகம் எழுதினேன்? துராஸ்னோ பக்கம் பண்ணை வெச்சிருந்தேன். கண்ணு ஆபரேஷன் பண்ணதிலேர்ந்து தண்ணியாக் கொட்டுது, அதுக்காக ஆஸ்பத்திரிக்கு வந்து போறேன். ஊருல அத்தனை பேருக்கும் நடுவுல என் மாடுங்களைப் பத்திக் கேட்டது நீ ஒருத்தன்தான்."

கூட்டம் இடிஇடியென்று சிரித்தது. இருமிக்கொண்டிருந்தவர்கள் சிரித்ததால் அது அடங்கவும் நேரமாயிற்று. யாமாண்டு, "குப்பைன்னு நான் அப்பவே சொன்னேன்" என்று நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். வில்மாருக்குத் தரைக்குள் போய்விடலாம் போலிருந்தது. பெரியவர் மட்டும் கேக்கில் பாதியைத் தாளில் சுற்றிக்கொண்டு, நல்ல கூட்டம், அடுத்த வாரமும் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

எல்லோரும் கலைந்ததும் வில்மார், நிபியா முன்னால் வந்து நின்றார்.

"மன்னிச்சிருங்கம்மா. உங்ககிட்டப் பொய் சொன்னேன். புகழ்றதுக்கு எல்லாரும் முண்டியடிச்சப்ப நீங்க ஒருத்தர்தான் மோசம்னு உறுதியா நின்னீங்க. எப்படி அவ்வளவு நிச்சயமாத் தெரிஞ்சுது?"

நிபியா கோட்டை மாட்டிக்கொண்டே சொன்னார்: "நாலு வருஷம் உக்காந்து அதை எழுதினவளுக்கு அதுகூடவா தெரியாது?"