யார் தலையில் கட்டுவது?

"இந்த மாசமும் சோப்பு டப்பாவுல நஷ்டம்னா அந்தப் பிரிவுக்குப் பூட்டுதான்!" என்று முதலாளி கத்திவிட்டுப் போனதிலிருந்து கணக்காளர் கணக்குப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே இருந்தார்.

பிளாஸ்டிக் சோப்பு டப்பாமீது அவருக்கு ஒரு பாசமும் கிடையாது. அந்தப் பிரிவின் சூப்பர்வைசர் அவருடைய மச்சான், மனைவியின் கூடப்பிறந்த தம்பி. வேலை போனால் அந்தத் தடியன் நேரே எங்கே வருவான்? போன தடவை "நாலு நாள்தான் மாமா" என்று பெண்டாட்டியோடு வந்தவன் மழைக்காலம் முடிந்து வெயில் காலமும் முடிந்த பிறகுதான் கிளம்பினான். கணக்காளரின் துண்டில்தான் முகம் துடைப்பான். கணக்காளரின் நாற்காலியில்தான் சாய்வான். இன்னொரு தடவை என்றால் கொலை விழும்.

மின்சாரம், வாடகை, காவலாளி சம்பளம், முதலாளி காருக்குப் பெட்ரோல் எல்லாம் மேற்செலவு. அதைக் கணக்காளர்தான் பிரித்துப் பிரித்து ஒவ்வொரு பொருளின் தலையிலும் கட்ட வேண்டும். இதுவரை இயந்திரம் ஓடும் நேரத்தை வைத்துக் கட்டிவந்தார். சோப்பு டப்பா இயந்திரமோ கிழடு. நாள் முழுக்க இருமி இருமி ஓடும். நஷ்டம் வராமல் என்ன செய்யும்?

அதனால் இந்த மாதம் ஒவ்வொரு பிரிவும் அடைக்கும் இடத்தை வைத்துப் பிரித்தார். சோப்பு டப்பாவுக்கு ஒரு மூலைதான் இடம். பாரம் போய்ப் பக்கெட் பிரிவில் விழுந்தது.

மறுநாள் காலையில் பக்கெட் மேஸ்திரி ஒரு பக்கெட்டைக் கொண்டுவந்து மேசையில் டொம்மென்று வைத்தார்.

"யோவ், பக்கெட்டுன்னா இடத்தை அடைக்கத்தான்யா செய்யும்! மடிச்சா வைக்க முடியும்?"

"கத்தாதீங்க. இது முறைப்படி செஞ்ச கணக்கு."

"உன் முறையில இடி விழ! என் ஆளுங்க போனஸ்ல கை வச்சே, நீ முழுசா வீடு போய்ச் சேர மாட்டே!"

கணக்காளர் அவசரமாக ஆள் கணக்குக்கு மாறினார். ஆட்கள் அதிகம் இருந்தது மூடிப் பிரிவில். அதன் தலைவி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தாள்.

"ஏன்யா, முதலாளி கார்ல நாங்களா ஏறிப் போனோம்? ஊரான் வீட்டுச் சுமைக்கு எங்க தலைதான் கெடச்சுதா?"

"எல்லாரும் ஒழிஞ்சு போங்க!" என்று அலறிய கணக்காளர், மூன்று பிரிவுகளின் பாரத்தையும் பாதியாக வெட்டினார். மிச்சத்தை யார் தலையிலும் கட்டாமல் 'வேறுபாடு' என்று தனியாக எழுதி வைத்தார். நல்ல பிள்ளைபோல எல்லாப் பிரிவுகளும் லாபம் காட்டின.

முதலாளி கூப்பிட்டார்.

"இவ்வளவு பெரிய வேறுபாடு யாரோடது?"

"யாரோடதும் இல்லீங்க ஐயா. போட்ட மதிப்பீட்டுக்கும் ஆன செலவுக்கும் நடுவுல..."

"யாரோடதும் இல்லேன்னா உன்னோடது! இந்த வருஷம் உனக்குச் சம்பள உயர்வு கிடையாது. போ!"

கணக்காளர் வாசலைத் தாண்டும்போது முதலாளி மறுபடியும் கூப்பிட்டார்.

"ஆனா அந்தச் சோப்பு டப்பாப் பையன் கெட்டிக்காரன்யா. நஷ்டத்துல கெடந்த பிரிவைத் தூக்கி நிறுத்திட்டான். அவனுக்குச் சம்பளத்தை ஏத்து!"

கணக்காளரின் காதிலிருந்து புகை வராததுதான் பாக்கி. ஏற்றினார். தன் கையாலேயே எழுதி ஏற்றினார். போகட்டும், சம்பள உயர்வு போனாலும் துண்டு தப்பித்தது என்று வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

வாசலில் ஒரு வேன் நின்றது. கட்டில், பீரோ, மின்விசிறி, பாத்திர மூட்டை எல்லாம் ஒவ்வொன்றாக உள்ளே போய்க்கொண்டிருந்தன. கூடத்தில் அவருடைய நாற்காலியில் மச்சான் சாய்ந்திருந்தான். தோளில் அவருடைய துண்டு.

"வாங்க மாமா!"

"டேய்! உனக்குத்தான் வேலை போகலையேடா!" வீடே அதிர்ந்தது. "சம்பளம் வேற ஏத்தியாச்சு! அப்புறம் இங்க என்னடா வேலை?"

மச்சான் பெண்டாட்டி தலையணைகளைக் கட்டிப்பிடித்தபடி உள்ளேயிருந்து சிரித்துக்கொண்டே எட்டிப் பார்த்தாள்.

"அதை ஏன் கேக்கறீங்கண்ணா, எப்படியும் வேலை போயிடும்னு எங்கப்பா ஊர்லயே வேற வேலை பாத்து, வாடகை வீட்டையும் காலி பண்ணிட்டு, இன்னைக்கு ரயிலேற இருந்தோம், நல்லவேளை, சம்பளத்தை ஏத்தி நீங்க தடுத்துட்டீங்க!"